ஆடிச் சளி

ஜூலை 24, 1965. சனி

மழை. காலையிலிருந்து ஒரே பிடி. குடைக் கம்பி ஒன்று உடைந்துவிட்டது, கொடுத்துச் சரி செய்ய வேண்டும். ரேஷன் அரிசியில் ஏதோ வாசனை. அம்மா நாலு தரம் களைந்தும் போகவில்லை.

ஜெயா செம்பூருக்குப் போய் ஒரு வாரம். கல்யாணமாகி முதல் ஆடி, பெண் பிறந்த வீட்டில்தான் இருக்க வேண்டுமாம். மாமனார் டாக்சி வைத்துக்கொண்டு வந்து அழைத்துப் போனார். எனக்கு ஆடிச் சீர், ஒரு வெள்ளி டம்ளர். டம்ளரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் நடுவில் ஒரே ஒரு பஸ். என்னவோ காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் பிரித்து வைத்த மாதிரி இருக்கிறது.

ஆவணி பிறந்து முதல் புதன், ஆகஸ்ட் 18, கொண்டு வந்து விடுவார்கள். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்றார் மாமியார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

சாயங்காலம் படிக்கட்டில் சத்தம். கீழ் வீட்டு சாவித்திரி மாமி. மூன்று மாடிக்கும் கேட்கிற குரல். "எங்காத்துக் கண்ணனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துடுத்து. யாரும் வராதீங்கோ. குழந்தைகளை அனுப்பாதீங்கோ. உறைமோர் கேட்டும் வராதீங்கோ."

தன் வீட்டு வியாதிக்குத் தானே தண்டோரா. அசடு என்றேன். அம்மா, "சொல்லாம மறைக்கறவாளை விட இது தேவலை" என்றாள்.

பிறகு மாமி அம்மாவை மாத்திரம் கூப்பிட்டு ரகசியம் சொன்னாள். மாமியின் ரகசியம் இரண்டாவது மாடி வரை கேட்கும். "உங்க ரகுவுக்குச் சின்ன வயசுல வந்துடுத்தோ? பெரிய புருஷாளுக்கு வந்தா கன்னத்தோட நிக்காது, கீழே இறங்கிடும்பா. அப்புறம் குழந்தை குட்டின்னு ஆசைப்படவே முடியாது. கல்யாணம் ஆன புதுசு வேற."

மாடியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அம்மாவைக் கேட்டேன். "ஒருத்தனுக்கு வந்தது. வீக்கம் வடியட்டும்னு கழுத்துல தங்கச் செயின் போட்டேன். உனக்கா உங்கண்ணாவுக்கான்னுதான் ஞாபகமில்லை."

ராத்திரி சாதம் போடும்போது கரண்டியைக் கீழே வைத்தாள். "உங்கண்ணாதான்டா. செயினைத் தொலைச்சுட்டு வந்து நின்னான். நன்னா வாங்கினான்."

ஆக எனக்கு வரவில்லை.

ஜூலை 26. திங்கள்

பயமாக இருக்கிறது. நான் மட்டும் படிக்கிற நோட்டில் எழுத வெட்கமென்ன. ஜெயாவுக்குக் குழந்தைகள் என்றால் உயிர். கல்யாணமான மறுநாளே பெயர் எல்லாம் யோசித்துவிட்டாள். பையனுக்கு மூன்று, பெண்ணுக்கு ஐந்து.

மாமியின் இரண்டாவது பிள்ளைக்கும் கன்னம் வீங்கிவிட்டது. ராசியான செயின் என்று கண்ணன் கழுத்திலிருந்து கழற்றித் தம்பி கழுத்தில் போட்டார்களாம். எதிர் வீட்டிலிருந்தும் அதே செயினை இப்போதே கேட்டு வைத்திருக்கிறார்கள். வைரஸுக்கு வாகன வசதி வேறு.

பரேலில் லேபில் இன்று இருபது டஜன் முட்டை. விளக்கு முன்னால் பிடித்து உயிருள்ளதைப் பிரித்து, ஓட்டில் பென்சிலால் குறி போட்டு, துளை போட்டு, ஊசியால் ஃப்ளூ வைரஸ் விட வேண்டும். மாட்டுங்காவில் முட்டை என்ற சொல்லையே மெதுவாகத்தான் சொல்வார்கள். எனக்கு உத்தியோகமே அதுதான். வீட்டுக்கு வந்ததும் குழாயடியில் வேஷ்டி மாற்றி, தலை நனைத்து, அதற்கப்புறம்தான் சமையலறைப் பக்கம் தலை காட்டலாம். அம்மாவின் சட்டம்.

மேடம் (பார்சி அம்மாள், எங்கள் டாக்டர், நல்ல மாதிரி, கோபம் வந்தால் மட்டும் குஜராத்தி) இரண்டு கண்ணாடித் தட்டு காட்டினார். இரண்டிலும் கோழிக்குஞ்சு செல்கள் பாய் விரித்த மாதிரி. இரண்டிலும் உயிருள்ள வைரஸ் விட்டிருந்தோம். ஒன்றில் செல்கள் செத்து, கரையான் அரித்த மாதிரி ஓட்டை ஓட்டையாக. இன்னொன்றில் ஒன்றுமே ஆகவில்லை. காரணம், அதில் ஒரு நாள் முன்னதாகவே இன்டர்ஃபெரான் விட்டிருந்தோம்.

இன்டர்ஃபெரான் என்பது மருந்துக் கடைச் சரக்கு இல்லை. வைரஸ் புகுந்த செல் தானே செய்து வெளியே விடுகிற ஒரு பொருள். அது வைரஸைக் கொல்வதில்லை. பக்கத்துச் செல்களுக்குச் சமாசாரம் சொல்கிறது, அவ்வளவுதான். கேட்ட செல்கள் கதவைத் தாழ் போட்டுக்கொள்கின்றன. வைரஸ் எப்படியோ உள்ளே வந்தாலும் அடுப்பு மூட்ட விடுவதில்லை, அதனால் பெருக முடிவதில்லை. சொன்ன செல் பெரும்பாலும் பிழைப்பதில்லை. இன்னொரு விசேஷம், இந்த வைரஸ் அந்த வைரஸ் என்று பேதம் கிடையாது. ஒன்றுக்காகப் போட்ட தாழ்ப்பாள் மற்றதையும் நிறுத்தும்.

பஸ்ஸில் வரும்போது இதையே நினைத்துக்கொண்டிருந்து சயான் வரைக்கும் போய்விட்டேன். திரும்பி நடந்தேன். குடைக் கம்பி இன்னும் சரி செய்யவில்லை.

ஜூலை 27. செவ்வாய்

யோசனை ஒன்று. குளிர்பெட்டியில் புட்டி புட்டியாக இன்டர்ஃபெரான் இருக்கிறது. இரண்டு சொட்டு மூக்கில் விட்டுக்கொண்டால் என்ன? முட்டைத் தண்ணீர்தான். மருந்துக்குத் தோஷமில்லை. மேடத்தை ஜாடையாகக் கேட்டேன். கோழி செய்தது கோழிக்குத்தான் உதவும், மனித செல்லுக்கு அது புரியாது என்றார். அதற்கும் பாஷை இருக்கிறது போலும்.

அப்படியானால் எனக்கு வேண்டியதை நானேதான் செய்ய வேண்டும். செய்ய ஒரு வைரஸ் வேண்டும். சாதுவான வைரஸாக இருக்க வேண்டும். சளி.

பதினொரு மணிக்கு செல்லையா (லேப் அட்டெண்டர், தாராவியில் வீடு, ஊர் திருநெல்வேலிப் பக்கம்) முட்டைக் கூடையோடு வந்து அடுக்காகத் தும்மினார். மூக்கு மிளகாய்ப்பழம். "எட்ட நில்லுங்க சார். சளி புடிச்சு ஆட்டுது. வீட்ல எல்லாத்துக்கும் கெடக்கு."

எனக்குத் தெய்வமே கூடை தூக்கி வந்த மாதிரி இருந்தது. கிட்டே போனேன். அவர் நகர்ந்தார். நான் இன்னும் கிட்டே போனேன். முட்டை உடைந்துவிடும் என்றார்.

டீ வந்தது. நான் ஃப்ளாஸ்கில் வீட்டுக் காப்பி கொண்டுபோகிறவன். வெளியில் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை, லேப் முழுக்கத் தெரியும். செல்லையா தன் கிளாஸில் பாதி குடித்து வைத்தார். எடுத்து மீதியைக் குடித்துவிட்டேன். ஒரே மடக்கு. இஞ்சி நிறைய.

செல்லையா என்னையும் கிளாஸையும் மாறி மாறிப் பார்த்தார். துண்டால் முகம் துடைத்தார். சளியாக இருக்கும் என்று நினைத்தேன்.

ஜூலை 28. புதன்

சளியாக இல்லை.

காலையில் செல்லையா சட்டை மாற்றி, தலை வாரி, கும்பிடு போட்டார். "நேத்து ராத்திரி எங்க தெருவுல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன் சார். எங்க ஆபீஸ் ஐயர் சார் என் எச்சிக் கிளாஸ்ல டீ குடிச்சாருன்னு. ஒரு பய நம்பலை. பேச்சுல சமத்துவம் பேசுதவன் ஆயிரம் பேரு, கிளாஸை எடுத்தவன் எங்க சார் ஒருத்தருதான்னேன்."

"அதெல்லாம் ஒன்றுமில்லை" என்றேன். "அதைத்தான் சார் பெருந்தன்மைங்கது" என்றார்.

மூக்கில் இன்னும் ஒன்றும் இல்லை. தொண்டையில் லேசாக ஏதோ, நிஜமா நினைப்பா தெரியவில்லை.

ஜூலை 30. வெள்ளி

வந்துவிட்டது. முதல் தரமான சளி. இரண்டு மூக்கும் அடைப்பு, கண்ணில் தண்ணீர், பேச்சு வண்டுச் சத்தம். அம்மா மிளகு ரசம் வைத்தாள், ஆவி பிடிக்கச் சொன்னாள். நான் பிடிக்கவில்லை. கஷ்டப்பட்டுச் சம்பாதித்ததை யாராவது ஆவியில் விடுவார்களா?

எதிர் வீட்டுப் பெண்ணுக்குப் பொன்னுக்கு வீங்கி. செயின் மாடி ஏறிவிட்டது. நான் படிக்கட்டில் மார் நிமிர்த்தி இறங்கினேன். "ஜலதோஷத்தோட என்னடா சிரிப்பு" என்றாள் மாமி கதவிடுக்கு வழியாக.

ஆகஸ்ட் 1. ஞாயிறு

ஜெயாவைப் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் கோயில், அவள் வீட்டில் சிநேகிதி. செம்பூர் ஸ்டேஷன் பக்கம் ஒரு மரத்தடி, ஒரே குடை, அதிலும் கம்பி உடைந்தது. சொந்தப் பெண்டாட்டியைப் பார்க்கத் திருடன் மாதிரி. மல்லிகைப்பூ வைத்திருந்தாள். வாசனை எனக்குத் தெரியவில்லை, மூக்கடைப்பு.

எல்லாவற்றையும் சொன்னேன். வைரஸ், தாழ்ப்பாள், சளி. அவள் கவலைப்படுவாள் என்று நினைத்தேன். குடைக்குள் குனிந்து குனிந்து சிரித்தாள். "வேலியில போற ஓணானை எடுத்து வேஷ்டிக்குள்ள விட்டுண்ட கதையா இருக்கே. எனக்கு ஆறு வயசுலயே ரெண்டு பக்கமும் வந்து போயிடுத்து. இப்படிக் கூத்தடிக்கலை."

செல்லையா கிளாஸைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. "அவருக்கு எதுக்குன்னு தெரியுமா?"

"தெரியாது."

"பாவம், ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிண்டிருக்கார். நீங்க சளிக்காகக் குடிச்சிருக்கேள். நன்னாவா இருக்கு?"

நன்றாக இல்லைதான். வாயைத் திறந்தேன், தும்மல் வந்தது. குடைக்குள்.

ஆகஸ்ட் 5. வியாழன்

மாமியார் வந்திருந்தார். வாழைப்பூ, அப்பளம், ஒரு சந்தேகம், மூன்றோடும்.

"ஜெயாவுக்கு ரெண்டு நாளா பயங்கர ஜலதோஷம். எங்காத்துல வேற யாருக்கும் இல்லை. பக்கத்தாத்துல இல்லை. சிநேகிதிக்கும் இல்லை, போய் விசாரிச்சேன். எங்கேர்ந்து வந்ததுன்னே புரியலை."

அம்மா உடனே, "ஐயோ, நம்ம ரகுவுக்கும் வெள்ளிக்கிழமையிலேர்ந்து அதேதான்" என்றாள். பெற்ற தாய்.

தும்மல் வந்தது. அடக்கினேன். திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படி இருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது. அடக்கியது இரட்டிப்பாக வெளியே வந்தது. மாமியார் என் மூக்கைப் பார்த்தார். அம்மா மாமியாரைப் பார்த்தாள். நான் காலண்டரைப் பார்த்தேன்.

"மாப்பிள்ளை, ஆடி எதுக்குப் பிரிச்சு வெக்கறோம் தெரியுமோன்னோ? ஆடியில தங்கினா சித்திரையில பொறக்கும். அந்த வெயில் தாயாருக்கும் ஆகாது, குழந்தைக்கும் ஆகாது."

"பேசினோம். பேசினது மட்டும்தான்" என்றேன்.

"பேச்சுல ஜலதோஷம் மட்டும் வந்ததே, ஷேமம்" என்றார். காப்பி குடிக்காமல் போய்விட்டார். அம்மா வாழைப்பூவை என் முன்னால் வைத்து ஆயச் சொன்னாள்.

ஆகஸ்ட் 7. சனி

சளி போய்விட்டது. மேடத்தை நேராகவே கேட்டேன். சளி பிடித்தவனுக்குப் பொன்னுக்கு வீங்கி வராமல் இருக்குமா?

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். யாரும் பரிசோதித்ததில்லை என்றார். இன்டர்ஃபெரான் செய்த இடத்தைச் சுற்றித்தான் அதிகம் வேலை செய்யும், சில நாளில் தீர்ந்தும் போகும். பிறகு தாழ்ப்பாள் திறந்துதான் கிடக்கும். அம்மை ஒரு தடவை வந்தால் மறு தடவை வராதே, அது வேறு கணக்கு, அதை வேறு சிப்பாய்கள் நினைவு வைத்திருக்கிறார்கள். இது அவர்கள் வரும்வரை நேரம் வாங்கிக் கொடுக்கிற வேலை.

"ஹர் ஹஃப்தே ஜுகாம் கரோகே க்யா?" என்று சிரித்தார். வாரா வாரம் சளி பிடித்துக்கொள்ள முடியுமா. பிறகு, யாரிடமிருந்து வாங்கினாய் என்று கேட்டார். நான் ஒரு மடையன். சொன்னேன்.

மேடம் அங்கேயே செல்லையாவைக் கூப்பிட்டு, பொன்னுக்கு வீங்கிக்கு உன் சளி நல்ல மருந்தாமே என்று கிளாஸ் கதையைச் சொல்லிச் சிரித்தார். விகல்பமில்லாத சிரிப்பு, அவருக்கு ஒன்றும் தெரியாது. செல்லையாவும் சிரித்தார். சிரித்துவிட்டு முட்டைத் தட்டுகளைக் கழுவப் போனார். அவை ஏற்கெனவே கழுவினவை.

ஆகஸ்ட் 10. செவ்வாய்

மூன்று நாளாக செல்லையா கும்பிடுவதில்லை. "ஆமா சார்", "சரி சார்", அவ்வளவுதான். இன்று படிக்கட்டில் நிறுத்தி மன்னிக்கச் சொன்னேன்.

"என்னத்துக்கு சார் மன்னிப்பு? என் சளி, நீங்க எடுத்தீங்க, போச்சு" என்றார். கூடையைக் கீழே வைத்தார். "ஆனா எனக்கு ஒரு மொடை. தெரு பூரா சொல்லிட்டேன். ஏல, ஐயரு உன் கிளாஸைத் தொட்டாரா, பொய்யை அவுக்காதங்கான் ஒவ்வொருத்தனும். இப்பம் நெசத்தைச் சொன்னா மானம் போவும். அதனால நீங்க எங்க வீட்டுக்கு வந்து எல்லாரும் பாக்க காப்பி குடிச்சே ஆவணும். அன்னைக்கு நீங்க எதுக்குக் குடிச்சியளோ அது கெடக்கட்டும். இது எனக்காவக் குடிக்கணும்."

சுதந்திர தினம் ஞாயிறு வருகிறது. வருகிறேன் என்றேன். வாயிலிருந்து தானாக வந்தது.

மாமியின் செயின் மூன்றாவது மாடியில். பாக்கி நான்தான்.

ஆகஸ்ட் 15. ஞாயிறு

மழை விட்டு வெயில். எங்கும் காகிதக் கொடி. அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். "போயிட்டு வா. வந்து குளி" என்றாள். முட்டைக்கும் அதே சட்டம்தான், பாரபட்சமில்லை.

தாராவி. சேறு. செல்லையாவின் சந்து வாயிலில் பத்துப் பேர். கல்யாண மாப்பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். செல்லையா வீட்டு வாசலிலேயே கையை நீட்டி நிறுத்தினார். முகம் செத்திருந்தது.

"சார், உள்ள வராண்டாம். காலையிலதான் பாத்தோம். புள்ளைக்குப் புட்டாளம்மை. நீங்க எதுக்குப் பயப்படுதியன்னு எனக்குத் தெரியும். திரும்பிருங்க. நான் ஏதாவது சொல்லிக்கிடுதேன்."

அவர் தோளுக்குப் பின்னால் அவர் பெண் தெரிந்தது. ஆறு வயசு இருக்கும். இரண்டு கன்னமும் பூரி. எங்கள் மாமி பொன்னுக்கு வீங்கி என்பது இதைத்தான், பெயர் மட்டும் வேறு.

பின்னால் ஒரு குரல். "பாத்தியளா, வாசலோட சோலி முடிஞ்சிட்டு. ஐயரு திரும்புதாரு."

மூன்று நாளில் ஜெயா வருகிறாள். பெயர்கள் எட்டும் நினைவுக்கு வந்தன. மூக்கில் சளி இல்லை, தாழ்ப்பாள் இல்லை, ஒன்றுமில்லை. செல்லையா என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மறைத்திருக்கலாம், சொல்லிவிட்டார்.

குனிந்து உள்ளே போனேன்.

பாயில் உட்கார்ந்தேன். செல்லையா மனைவி புதுக் கிளாஸ், கடைச் சீட்டு கூடக் கிழிக்கவில்லை, அதில் கொண்டு வந்தார். செல்லையாவுடைய கிளாஸ் போதும் என்றேன். அதில் ஊற்றினார். கருப்பட்டிக் காப்பி. வாசலில் பத்து முகம். நிதானமாக, கடைசிச் சொட்டு வரை குடித்தேன். நன்றாக இருந்தது, இன்னொன்று கேட்டேன். பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு என் குடையில் உடைந்த கம்பியை ஆட்டிப் பார்த்தது.

செல்லையா வாசலைப் பார்த்து, "என்னல, பாத்தியளா?" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஆகஸ்ட் 18. புதன்

ஜெயா வந்துவிட்டாள். அம்மா ஆரத்தி எடுத்தாள். மாமியார் என் கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்மா சேமியாப் பாயசம். குடைக் கம்பி சரியாகிவிட்டது. தாராவியை ஜெயாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வேறு ஏதோ சொல்ல வந்து, "அடுத்த வாரம் சொல்றேன்" என்றாள்.

ஆகஸ்ட் 29. ஞாயிறு

ஒன்றும் வரவில்லை. தப்பித்தேன் போலிருக்கிறது. தினம் கண்ணாடியில் கன்னம் பார்க்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. ஜெயா சொல்கிறேன் என்றதை இன்னும் சொல்லவில்லை. கேட்டால் தன் அம்மாவைக் கேட்டுச் சொல்ல வேண்டுமாம்.

செப்டம்பர் 1. புதன்

காலை இட்லி மெல்ல முடியவில்லை. காதுக்குக் கீழே இடது பக்கம் வலி. கண்ணாடியில் நான் இல்லை, சாவித்திரி மாமியின் கண்ணன்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, அழுதேன். ஜெயாவிடம், என்னைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு மோசம் போனாய் என்றேன். எட்டுப் பெயரும் வீண் என்றேன்.

அவள் தன் செயினைக் கழற்றி என் கழுத்தில் போட்டாள். "டாக்டரைக் கேட்டாச்சு. இறங்கறது எல்லாருக்கும் இல்லை. இறங்கினாலும் முக்காவாசிப் பேருக்கு ஒண்ணும் ஆறதில்லையாம். அப்புறம், எட்டுப் பேர்ல ஒண்ணு இப்பவே வேணும்."

புரியவில்லை.

"ஆனி மாசத்துலேயே தங்கிடுத்து. அம்மா வெரல் விட்டு எண்ணி எண்ணிப் பார்த்துட்டா. பங்குனியாம். சித்திரை இல்லை. செம்பூர் மரத்தடிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னு இப்பத்தான் அவளுக்கு மூச்சே வந்தது. அதான் சொல்லத் தாமசம்."

நான் தும்மிக்கொண்டு, ஒளிந்துகொண்டு, கிளாஸ் பிடுங்கிக் குடித்துக்கொண்டு காப்பாற்றப் பார்த்தது, முன்னமே பத்திரமாக இருந்திருக்கிறது. இரண்டு மாசமாக. சிரித்தேன். சிரித்தால் தாடையில் கத்தி.

பிறகு எழுந்து படிக்கட்டுக்குப் போனேன். மேல் வீட்டில் புதிதாக ஒரு கைக்குழந்தை வந்திருக்கிறது. தொண்டையைச் சரி செய்துகொண்டு மூன்று மாடிக்கும் கேட்கக் கத்தினேன். "எங்காத்துல பொன்னுக்கு வீங்கி. எனக்குத்தான். யாரும் வராதீங்கோ. உறைமோர் கேட்டும் வராதீங்கோ."

ஒவ்வொரு கதவாகத் தாழ் போடுகிற சத்தம், மேலேயும் கீழேயும். கேட்க சந்தோஷமாக இருந்தது. கடைசியில் கீழேயிருந்து மாமி. "எந்தப் பக்கம்டா? ஒண்ணா, ரெண்டா?"

இன்னொரு சமாசாரத்தையும் சேர்த்துக் கத்திவிடட்டுமா என்று ஜெயாவைக் கேட்டேன். ஓடிவந்து வாயைப் பொத்தினாள், வீங்கின பக்கமாக.